பரிசலுக்கு மூங்கில் நட்டது யார்?

நடுவர் அவர்களே, தர்மபுரிப் பெரியோர்களே, பாக்கெட்டில் ஸ்க்ரூடிரைவரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்!

ரோபோ செய்யும் பிள்ளைகள் பாகங்களைக் கடையில் வாங்கலாமா, தாங்களே செய்ய வேண்டுமா என்பதுதான் கேள்வி. வாங்கலாம் என்பது என் கட்சி. எனக்கு முன்னால் எதிர்த்துப் பேசிய அண்ணன் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். "மோட்டார் கடையில், சென்சார் கடையில், போர்டும் கடையில். அப்புறம் ரோபோவில் பிள்ளை செய்தது என்ன? திருகு முடுக்கியதுதானே!" என்றார்.

அண்ணே, ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியிருக்கிறீர்களா? மூங்கில் காசு கொடுத்து வாங்கியது. அடியில் போடுகிற பிளாஸ்டிக் ஷீட்டும் கடைச் சரக்கு. அதற்காக, நட்டாற்றில் சுழலை ஒதுக்கித் துடுப்புப் போடுகிறவரிடம், "இதில் நீ என்னப்பா செய்தாய்?" என்று கேட்பீர்களா? கேட்டுவிட்டுக் கரை சேருவீர்களா?

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. ரோபோவுக்கு அல்ட்ராசோனிக் சென்சார், அதாவது ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்ப ஆகும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் கருவி, வாங்கினாள். இரண்டு வெள்ளி முழி மாதிரி இருக்குமே, அதுதான். சுவர் இருப்பது 50 செ.மீ. தூரத்தில், ரோபோ 100 என்கிறது, நேரே போய் முட்டுகிறது. "கடைக்காரர் ஏமாத்திட்டார் மிஸ்" என்று ஒரே அழுகை. ஸ்கேலைக் கையில் கொடுத்தேன். 20 வைத்தால் 40, 30 வைத்தால் 60. திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்: "ஒலி போயிட்டுத் திரும்பியும் வருதே மிஸ், நான் ரெண்டால வகுக்கலையே!" அந்த வகுத்தலை எந்தக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிறார்கள்?

பக்கத்து மேசையில், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திருப்பிவிடும் மோட்டார் டிரைவரையே, ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர் வைத்துத் தாங்களே செய்த பையன்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். மேல் டிரான்சிஸ்டரும் அதே பக்கத்துக் கீழ் டிரான்சிஸ்டரும் ஒன்றாக ஆன் ஆகி, பேட்டரி ஷார்ட்டாகி, குப்பென்று புகை. கற்றுக்கொண்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் போட்டி நாள் வரைக்கும் அந்த டிரைவரோடுதான் மல்லுக்கட்டு. சென்சார் பக்கமே அவர்கள் வரவில்லை, நடுவர் அவர்களே.

"இஸ்ரோ என்ன கடையிலா வாங்கியது?" என்றும் அண்ணன் கேட்டார். வாங்கியதே! 2001இல் முதல் ஜிஎஸ்எல்வி ராக்கெட் பறந்தபோது அதன் மேல் அடுக்கில் இருந்த கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் எஞ்சின், ரஷ்யாவில் செய்தது. 2004இல் கல்விக்கென்றே போன எஜுசாட் செயற்கைக்கோள் ஏறியதும் ரஷ்ய எஞ்சின் வைத்த ஜிஎஸ்எல்வியில்தான். நம் சொந்த எஞ்சின் ஜெயித்தது 2014 ஜனவரியில். அதுவரைக்கும் ராக்கெட்டைப் போர்வை போர்த்தி ஓரமாக நிறுத்தியா வைத்திருந்தார்கள்?

மணி அடித்துவிட்டீர்கள். உட்கார்ந்துவிடுகிறேன். ஒன்றே ஒன்று, ஐயா: அந்த மணி நீங்களே வார்த்ததா?