ஐந்து ஷில்லிங்கும் வாய்க்கரிசியும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களையெல்லாம் இதிலேயே அடக்கிக்கொள்ளுங்கள். எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் அவ்வளவுதான்.

1906 முதல் 1914 வரை பிரிட்டனில் நடந்த சமூக நலச் சீர்திருத்தங்களுக்கு வித்திட்டது அச்சமா, அறமா என்பது தலைப்பு. அறமே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போருக்கு ஆள் எடுக்கப் போன இடத்தில் நோஞ்சான்கள் வந்து நின்றதால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் சட்டம் 1906இல் வந்தது என்றார். தொழிற்கட்சிக்காரர்கள் 29 பேர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும் ஆட்சியிலிருந்த லிபரல் கட்சிக்கு வயிற்றைக் கலக்கியது என்றார். இவற்றில் பாதியை நான் மறுக்கவே போவதில்லை. ஆனால் 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டத்துக்கு வந்ததும், கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, "எழுபது வயதுக்கு மேல்தான் வாரம் ஐந்து ஷில்லிங்காம், ஓடாய்த் தேய்ந்த ஏழை எழுபது வயது வரை எங்கே இருந்தான்? அது ஓய்வூதியம் அல்ல, வாய்க்கரிசி!" என்று ஒரு போடு போட்டார். நீங்களும் கை தட்டினீர்கள், நடுவரும் சிரித்தார், நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஏழை எங்கே இருந்தான் என்றுதானே கேட்டீர்கள்? அயர்லாந்தில் இருந்தான் ஐயா! அன்று அயர்லாந்து முழுவதும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டது. எனவே 1909 ஜனவரி 1 அன்று தொடங்கிய ஓய்வூதியம் அங்கும் போய்ச் சேர்ந்தது. சிக்கல் என்னவென்றால், அந்த நாட்டில் பிறப்புகளைப் பொதுவாகப் பதிவு செய்யத் தொடங்கியதே 1864இல்தான். எழுபது வயதுக்காரர் கையில் பிறப்புச் சான்றிதழ் எப்படி இருக்கும்? அப்போது கைகொடுத்தது ஒரு புயல். 1839 ஜனவரி 6ஆம் தேதி இரவு, கூரைகளைப் பிய்த்தெறிந்த ஒரு பேய்க்காற்று அந்தத் தீவைப் புரட்டிப் போட்டிருந்தது. மக்கள் அதைப் 'பெருங்காற்று இரவு' என்றே தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். அந்த இரவு நினைவிருக்கிறது என்று சொல்பவருக்கு எழுபது வயது ஆகியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், ஊரில் நரைத்த தலைகளுக்கெல்லாம் நினைவு திரும்பிவிட்டது!

"பெருங்காற்று இரவு நினைவிருக்கிறதா பெரியவரே?" என்று அதிகாரி கேட்டால், "இருக்காதா பின்னே? உருளைக்கிழங்கைக் கையில் வைத்துத் தின்னும் அளவுக்கு அன்றைக்கே நான் வளர்ந்திருந்தேனே" என்பார் அவர். அடுத்து வருபவரும் அதே இரவில் அதே உருளைக்கிழங்கைத்தான் தின்றிருப்பார். நடுவர் அவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். 1909 ஜனவரியில் எழுபதை அப்போதுதான் தொட்ட ஒருவர், அந்தப் புயலன்று பிறந்து சில நாட்களே ஆன பச்சைக் குழந்தை. கூரை பறந்ததும் நினைவிருக்கிறதாம், கிழங்கு தின்றதும் நினைவிருக்கிறதாம். பல் எப்போது முளைத்தது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை! அரசு எதிர்பார்த்ததைவிட அதிகமான விண்ணப்பங்கள் அங்கே குவிந்தன. நண்பரே, வாய்க்கரிசி வாங்குவதற்காக உலகத்தில் யாராவது வயதைக் கூட்டிச் சொல்லி வரிசையில் நிற்பார்களா?

அச்சத்தால் கொடுத்தார்கள் என்கிறீர்களே, யாரைக் கண்டு அச்சம்? எழுபது வயதுக் கிழவரைப் போயர் போருக்கா அனுப்ப முடியும்? வாக்குக்குப் பயந்தார்கள் என்றால், ஓய்வூதியம் பெற்றவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். 1918 வரை பிரிட்டனில் எந்தப் பெண்ணுக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு கிடையாது. ஜெர்மனியைப் பார்த்து அடித்த காப்பி என்றால், 1889இல் அந்நாட்டின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கொண்டுவந்த ஓய்வூதியத்துக்குத் தொழிலாளி சந்தா கட்ட வேண்டியிருந்தது; 1908இன் ஐந்து ஷில்லிங்குக்கு ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டியதில்லை. சிறை சென்றவருக்கும் உழைக்க மறுத்தவருக்கும் இல்லை என்று அந்தச் சட்டம் கறாராக நின்றதும் உண்மைதான்; அந்தக் குறையை எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் போர்க்கப்பல்களுக்கும் இந்த ஓய்வூதியத்துக்கும் சேர்த்துப் பணம் தேட வேண்டியிருந்தபோது, நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் 1909இல் பணக்காரர்கள் மீது வரி போட்டார். நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை அந்த நிதிநிலை அறிக்கையையே தூக்கி எறிந்தது. அந்த மோதலால் 1910இல் நாடு இரண்டு பொதுத் தேர்தல்களைச் சந்தித்தது. பயந்தவன் பிரபுக்களோடு மல்லுக்கு நிற்பானா?

வாய்க்கரிசி என்று சொல்லிவிட்டு நண்பர் எளிதாக உட்கார்ந்துவிட்டார். 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின்படி, ஆதரவற்ற முதியவர்களுக்குக் காத்திருந்தது பணியில்லம், அதாவது ஏழைகளை அடைத்து வேலை வாங்கிச் சோறு போடும் விடுதி. உள்ளே போனால் பெரும்பாலும் கணவன் ஆண்கள் பகுதிக்கு, மனைவி பெண்கள் பகுதிக்கு. நாற்பது ஆண்டுகள் ஒரே அடுப்படியில் வாழ்ந்தவர்களைக் கடைசிக் காலத்தில் ஒரு சுவர் பிரித்தது. அங்கே இறந்து, உரிமை கோர யாரும் வராவிட்டால், 1832ஆம் ஆண்டின் உடற்கூறுச் சட்டப்படி அந்த உடலை மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிக்க அனுப்பிவிடலாம். அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்றுதான், அரை வயிறு உண்டவர்கள்கூட வாரம் ஒரு பென்னியை அடக்கச் செலவுக்கான சந்தாவாகக் கட்டிவந்தார்கள். வாய்க்கரிசி போடக்கூட ஆள் இல்லாத சாவு எப்படி இருக்கும் என்பதை அறிந்த ஏழைகள் அவர்கள்.

அவர்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முதல் சில மாதங்களிலேயே தபால் நிலையத்துக்குப் போய், பணியில்லத்து அதிகாரியின் முகத்தில் விழிக்காமல், அந்தப் பணத்தை உரிமையோடு வாங்கினார்கள். மகன் வீட்டு மூலையில் பாரமாக முடங்கிக் கிடந்த ஒரு தாய், வாடகைக்குத் தன் பங்கை எண்ணிக் கொடுத்துவிட்டு, மருமகள் பரிமாறிய தட்டில் தலை நிமிர்ந்து சாப்பிட்டிருப்பாள் அல்லவா?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. புள்ளிவிவரத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் சொல்லுங்கள். என் நண்பரின் சிலேடைக்காகச் சொல்வதென்றாலும் சொல்லுங்கள். ஆனால் சொல்வதற்கு முன், இந்த அரங்கின் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நம் வயதான அம்மாக்களின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.