மீன் தொட்டிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

வணக்கம் நேயர்களே. வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் என்னைப் பார்த்தால் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "நாங்க குடிக்கிற ஆர்.ஓ. தண்ணியைத்தான் தொட்டிக்கும் ஊத்துறோம். அப்பவும் ஏன் மீன் சாகுது?" கேட்கும்போதே அவர்கள் குரலில் வருத்தம் தெரியும். பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிட்ட மீனாக இருக்கும். "தீனி அதிகமாப் போட்டுட்டே" என்று பிள்ளைக்குத் திட்டும் விழுந்திருக்கும். பாவம், பல வீடுகளில் பிள்ளை மேல் தப்பே இருக்காது.

சென்னைத் தண்ணீரை வைத்தே பேசுகிறேன். மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. என்று ஒரே வீட்டுக்குள் இத்தனை வகை புழங்கும் ஊர் இது. கொளத்தூர் வண்ணமீன் சந்தையும் இங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் கையில் பாலிதீன் பை இல்லாத பிள்ளையைப் பார்ப்பது அரிது.

முதலில் மெட்ரோ தண்ணீர். கிருமி வராமல் இருக்க அதில் குளோரின் கலக்கிறார்கள். குழாயில் வரும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். நமக்கு அது பாதுகாப்பு. ஆனால் மீனின் செவுளைப் புண்ணாக்க அந்த அளவே போதும். வாய் அகன்ற வாளியிலோ டிரம்மிலோ பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டால் குளோரின் பறந்துவிடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு விடலாம். அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட், அது உடனே வேலை செய்யும். லாரித் தண்ணீர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். போன வாரம் வந்த லாரியும் இந்த வாரம் வந்த லாரியும் ஒரே இடத்தில் நிரப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. சம்ப்பில் இறக்கிய அன்றைக்கே தொட்டிக்கு எடுக்காதீர்கள்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, உப்புதான் பிரச்சினை. டி.டி.எஸ். மீட்டர் என்று பேனா மாதிரி ஒன்று கிடைக்கிறது. தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று ஓர் எண் காட்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது தரக் கணக்கு. சென்னைப் போர்களில் ஆயிரத்தைத் தாண்டிய எண் வந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

ஆனால் அந்த எண் எவ்வளவு உப்பு என்றுதான் சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. கால்சியமும் மெக்னீசியமும் அதிகமாக இருந்தால் அது கடின நீர். கப்பி, மாலி வகை மீன்களுக்குக் கடின நீர் பிடிக்கும். கடற்கரைப் பக்கத்துப் போரில் அதே எண் சோடியம் குளோரைடால் வந்திருக்கும். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிவந்தது ஊரறிந்த கதை. மீட்டரில் எண் ஒன்றாக இருந்தாலும் இந்த இரண்டு தண்ணீரும் மீனுக்கு வேறு வேறு.

அதனால்தான் மீட்டரோடு நிறுத்தாமல், சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் சோதனைகள் இரண்டும் செய்யச் சொல்கிறேன். ஒன்று ஜி.ஹெச்., அதாவது கால்சியம், மெக்னீசியத்தின் அளவு. இன்னொன்று கே.ஹெச்., அதாவது தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டின் அளவு. சின்னக் கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். கே.ஹெச். சோதனையில் முதல் சொட்டிலேயே தண்ணீர் நீலமாகும். எத்தனையாவது சொட்டில் நீலம் மாறி மஞ்சளாகிறதோ அத்தனை டிகிரி. சிலவகைச் சோதனைப் பெட்டிகளில் நிறம் வேறாக இருக்கும், அட்டையைப் படித்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரி என்பது, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம்.

போர் தண்ணீரில் இன்னொரு விஷயம் உண்டு. மோட்டார் போட்டவுடன் வரும் நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகவும் இருக்கும். இரும்புச் சத்தும் இருக்கலாம். ஒரு வெள்ளை வாளியில் பிடித்து இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருந்தது காலையில் பழுப்பேறி அடியில் மண்டி தெரிந்தால், அது இரும்பு. அப்படியே ஊற்றினால் அந்த மண்டி மீனின் செவுளில்தான் போய்ப் படியும். தெளியவைத்து மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும்.

சரி, இப்போது சுத்திகரித்த தண்ணீருக்கு வருவோம். இங்கேதான் நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியம் மீனுக்கு வினையாகிவிடுகிறது.

ஆர்.ஓ. இயந்திரத்தில் முதலில் அழுக்கைப் பிடிக்கும் வடிகட்டி, அடுத்து குளோரினைப் பிடிக்கும் கார்பன், அதற்கப்புறம் மெம்பிரேன் என்கிற மெல்லிய சவ்வு. கரைந்த உப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலே மெம்பிரேன் வெளியே தள்ளிவிடுகிறது. அந்தத் தொண்ணூறில் மீனுக்கு வேண்டாததும் போகிறது, வேண்டியதும் போகிறது.

நன்னீர் மீனின் ரத்தத்தில் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம். அதனால் செவுள் வழியே தண்ணீர் எந்நேரமும் உடம்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மீனின் சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்றும். அதோடு கொஞ்சம் உப்பும் போகும். போன உப்பைச் செவுள் தண்ணீரிலிருந்து திரும்ப உறிஞ்ச வேண்டும். சுற்றிலும் உப்பே இல்லாத தண்ணீர் என்றால் எங்கிருந்து உறிஞ்சும்? கால்சியம் குறைந்தால் செவுளின் கசிவும் கூடும்.

பைகார்பனேட் குறைவது இதைவிடச் சீக்கிரம் தொட்டியைப் பாதிக்கும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த வேலையில் அமிலம் உண்டாகும். அமிலத்தைத் தாங்கிக்கொள்வது பைகார்பனேட்தான். கையிருப்பு தீர்ந்தால், அமிலமா காரமா என்று காட்டும் பி.ஹெச். எண் சரியும். 6-க்குக் கீழே போனால் அந்தப் பாக்டீரியாக்களின் வேலையே மந்தமாகிவிடும்.

அண்ணா நகரில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தொட்டி கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. வாரம் தவறாமல் கேன் தண்ணீர் மாற்றியிருக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர்தான். கோல்டு ஃபிஷ் மட்டும் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் கிடந்தது. கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்துக் கே.ஹெச். சொட்டு விட்டேன். முதல் சொட்டிலேயே மஞ்சள், நீலம் வரவே இல்லை. அந்த அம்மா, "இதைவிட நல்ல தண்ணி நாங்ககூடக் குடிக்கிறதில்லையே தம்பி" என்றார். அவர்கள் வீட்டுப் போர் தண்ணீரையே சோதித்தேன், கே.ஹெச். பத்து டிகிரிக்கு மேல் இருந்தது. தெளியவைத்து, காற்று ஏற்றி, தினம் ஒரு சொம்பு வீதம் தொட்டியில் சேர்க்கச் சொன்னேன். அந்த மீன் தேறிவிட்டது.

கேன் தண்ணீருக்கு ஐ.எஸ். 14543 என்ற தர எண் உண்டு. அது மனிதன் குடிக்கப் பாதுகாப்பானதா என்பதற்கான தரம். இன்று வரும் கேனும் அடுத்த மாதம் வரும் கேனும் ஒரே டி.டி.எஸ். காட்டும் என்று இல்லை. ஒவ்வொரு கேனையும் மீட்டரில் பார்த்துவிட்டு, கலந்து ஊற்றுவதென்றால் சரி.

வீட்டு ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இப்போது பல இயந்திரங்களில் தண்ணீரில் செம்பு சேர்க்கும் காப்பர் கார்ட்ரிட்ஜ் வைத்து விற்கிறார்கள். இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு ஆகவே ஆகாது. உப்புக் குறைந்த தண்ணீரில் மீனுக்கும் அதன் நஞ்சு கூடும். உங்கள் இயந்திரத்தில் காப்பர் என்று எழுதியிருந்தால், அந்த கார்ட்ரிட்ஜைத் தாண்டாமல் தண்ணீர் எடுக்க வழி இருக்கிறதா என்று சர்வீஸ் செய்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அந்தத் தண்ணீர் தொட்டிக்கு வேண்டாம். யு.வி. மட்டும் உள்ள இயந்திரம் கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது. அடுக்குமாடிகளில் உப்பு மூட்டை கொட்டி ஓட்டும் சாஃப்ட்னர் இருக்குமே, அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். மீட்டரில் எண் அப்படியேதான் நிற்கும். மீனுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் வேண்டாம். அது செம்பு, அலுமினியத்தின் மேல் தூசியோடு வழிந்து வருவது.

அப்படியானால் ஆர்.ஓ. எதற்கு? கலப்பதற்கு. என் அனுபவத்தில் அதன் சரியான இடம் அதுதான். உதாரணமாக டி.டி.எஸ். மீட்டரில் உங்கள் போர் தண்ணீர் 1,200, ஆர்.ஓ. தண்ணீர் 60 என்று வையுங்கள். ஒரு பங்கு போர், மூன்று பங்கு ஆர்.ஓ. கலந்தால் 345 வரும். டெட்ரா, ஏஞ்சல், ஃபைட்டர் எல்லாம் சேர்ந்து வாழும் பொதுத் தொட்டிக்கு அது நல்ல தண்ணீர். 60 லிட்டர் தொட்டியில் வாரம் கால் பங்கு மாற்றுகிறீர்கள் என்றால் வேண்டியது 15 லிட்டர்தான். நாலு லிட்டர் போர், பதினோரு லிட்டர் ஆர்.ஓ. அந்தப் பதினோரு லிட்டருக்கு இயந்திரம் இருபது முப்பது லிட்டர் கழிவு நீர் தள்ளும். அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வையுங்கள்.

ஆனால் மீன் ஏற்கெனவே 1,200-இல் வாழ்கிறது என்றால் ஒரே நாளில் 345-க்கு இறக்காதீர்கள். தொட்டியில் பத்தில் ஒரு பங்காக வாரா வாரம் மாற்றி, நாள் எடுத்து இறக்குங்கள். கொஞ்சம் பொருந்தாத தண்ணீரில்கூட மீன் பழகி வாழ்ந்துவிடும், திடீர் மாற்றத்தைத்தான் தாங்காது.

எல்லார் வீட்டுக்கும் இந்தக் கலவை தேவையும் இல்லை. கப்பி, மாலி, கோல்டு ஃபிஷ் வளர்க்கிறீர்களா? குளோரின் போக்கிய மெட்ரோ தண்ணீரோ நடுத்தரமான போர் தண்ணீரோ போதும், காசைச் செலவழிக்க வேண்டாம். கொளத்தூர்ப் பக்கத்துப் பண்ணைகளில் பிறந்த மீன்கள் நம் நிலத்தடி நீரிலேயே வளர்ந்தவை. வாங்கும்போது "அண்ணே, இது என்ன தண்ணியில இருந்துச்சு?" என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிகா ஏரிகளிலிருந்து வந்த சிக்லிட் வகைகளுக்குக் கடின நீர்தான் வேண்டும், ஆர்.ஓ. அவற்றுக்குக் கெடுதல். டிஸ்கஸ் குஞ்சு பொரிக்க வைக்க வேண்டுமென்றாலோ, அமேசான் காட்டு நதிகளில் பிடித்த மீன் வைத்திருந்தாலோதான் ஆர்.ஓ. அதிகமாக வேண்டும். கடல் மீன் தொட்டிக்குக் கட்டாயம் ஆர்.ஓ., அதற்கு மேல் மிச்ச உப்பையும் எடுத்துவிடும் டி.ஐ. வடிகட்டியும் தேவை. அங்கே உப்பை நாமே அளந்து போடுகிறோம்.

வேறு தண்ணீரே கிடைக்காமல் ஆர்.ஓ. மட்டுமே இருக்கிறதென்றால், 50 லிட்டருக்கு 6 கிராம் சமையல் சோடா கலந்தால் கே.ஹெச். நாலு டிகிரி ஏறும். பேக்கிங் பவுடர் இல்லை, வெறும் சமையல் சோடா. புதுத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், தொட்டிக்குள் நேராகக் கொட்டக் கூடாது. சோடா கால்சியத்தைத் தராது. அதற்கு மீன் கடைகளில் கிடைக்கும் தாது உப்புப் பொடியைச் சேர்க்க வேண்டும்.

கோடையில் தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்பி நிரப்பி வந்தால் சித்திரை வைகாசிக்குள் தொட்டி நீர் போரைவிடக் கடினமாகியிருக்கும். குறைந்த இடத்தை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றலாம். கலக்காமல் ஊற்றலாம் என்று நான் சொல்வது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

ஐப்பசி கார்த்திகையில் மழைநீரும் கிடைக்கும். அது இயற்கை கொடுக்கும் ஆர்.ஓ. தண்ணீர்தான், கலந்தே பயன்படுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று மழையைப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். குழாய் வழியே பிடிக்காமல் திறந்தவெளியில் சுத்தமான பிளாஸ்டிக் டிரம் வைத்துப் பிடித்து, மூடி வையுங்கள். சிமென்ட் தொட்டியில் சேர்த்தால் பி.ஹெச். ஏறிவிடும். மீட்டரில் பார்த்துவிட்டு, ஆர்.ஓ.வுக்குச் சொன்ன அதே பங்குக் கணக்கில் கலந்துகொள்ளுங்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.