ரோட்டில் நடந்தால் என்ன கிடைக்கும்? சுங்கை சிப்புட் தங்கையின் கேள்விக்குப் பதில்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, என் அண்ணன் சென்னையில் படிக்கிறான். அங்கே வானவில் பேரணியில் நடந்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினான். அம்மாவுக்குத் தெரியாது. நான் இன்னும் பதில் போடவில்லை. கொடி பிடித்து ரோட்டில் நடந்தால் என்ன கிடைக்கும்? வீட்டோடு இருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லையே?"

சரி. வானவில் பேரணி என்றால், ஒரே பாலினத்தவரை விரும்புகிறவர்களும் திருநங்கை, திருநம்பிகளும் மரியாதை கேட்டு நடக்கும் ஊர்வலம். நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒருவர் இருந்தார். ஆணாகப் பிறந்தவர், பிள்ளைகளான எங்களுக்கு அவர் அக்கா. விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, சட்டை கைலியோடு வந்து நிற்பார். மாரியம்மன் திருவிழா வந்தால் அம்மனுக்குச் சேலை கட்டுவது அவர் கைதான். கொசுவம் வைத்து, ஊசி குத்தியதே தெரியாமல் கட்டுவார். அந்த நாலு நாள் போனால் மறுபடியும் கிண்டல் பெயர். ஒருநாள் பையோடு கோலாலம்பூருக்கு பஸ் ஏறிவிட்டார். எங்கே போனார், எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டோடு இருந்தால் என்ன என்கிறீர்களே தங்கை, அவர் வீட்டோடுதான் இருந்தார்.

அப்புறம் ஒன்று யோசித்துப் பாருங்கள். பூசை அறையில் கும்பிட்டால் முருகன் கேட்கமாட்டானா? ஆனாலும் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குக் காவடியை ரோட்டில்தானே எடுத்துப் போகிறோம். நம் வேண்டுதலை ஊர் பார்க்க வேண்டும், கூட நாலு பேர் நடக்க வேண்டும். வானவில் பேரணியில் நடப்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

இந்தியாவில் முதன்முதலில் 1999-இல் கொல்கத்தாவில் நடந்தவர்கள் 15 பேர். சென்னையில் 2009 ஜூன் 28-ஆம் தேதி மெரினாவில் தொடங்கியது. 'சுயமரியாதைப் பேரணி' என்று தமிழில் பெயர் வைத்தார்களே, அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1929-இல் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது நம் தோட்டத்துத் தாத்தாக்கள் காதிலும் விழுந்த சொல் அது.

ஒருமுறை எழும்பூரில் அந்தப் பேரணியை நேரில் பார்த்தேன். கைத்தறிச் சேலையில் ஓர் அம்மா. ஒரு கையில் மடக்குக் குடை, மறு கையில் மகனின் முழங்கை. ரோடு தாண்டும்போது பிள்ளையைப் பிடிப்போமே, அந்தப் பிடி. டீக்கடை வாசலில் நின்றவர்கள் முறைத்துப் பார்த்தார்கள். அந்த அம்மா நின்று, "என் பையன்தாங்க" என்றார். அவ்வளவுதான். மகன் குனிந்துகொண்டான், அழுதான் என்று நினைக்கிறேன்.

நடந்ததால் மட்டும் சட்டம் மாறவில்லை. வழக்குப் போட்டவர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2018 செப்டம்பர் 6-ஆம் தேதிதான் இந்திய உச்ச நீதிமன்றம், ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. 2021-இல், சேர்ந்து வாழ விரும்பிய இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, இவர்களை 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சைகளைத் தடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். நீதிபதியே கேட்டுப் படித்தார் என்றால் உங்கள் அம்மாவாலும் முடியும்.

இங்கே நிலைமை வேறு. நம்மைக் கப்பலில் ஏற்றி வந்த அதே வெள்ளைக்காரன் எழுதிய 377 நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. இருபது வருடம் வரை சிறை, பிரம்படி. இவர்கள் உரிமைக்காக 2008-இல் தொடங்கிய செக்சுவாலிட்டி மெர்டேக்கா விழாவை 2011-இல் போலீஸ் தடை செய்தது. அதனால் சுங்கை சிப்புட்டில் நாளைக்கே நடங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே நடக்க முடியாத நம் பிள்ளைகளுக்காகவும்தான் உங்கள் அண்ணன் அங்கே நடந்திருக்கிறான்.

படத்தை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள், பேஸ்புக்கில் போடாதீர்கள். அம்மாவிடம் எப்போது சொல்வது என்பதை அவனே முடிவு செய்யட்டும். ஆனால் பதிலை இன்றைக்கே போடுங்கள். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால், "படம் பார்த்தேன் அண்ணா, பசியாறிவிட்டாயா?" என்று எழுதுங்கள்.