சத்தம் போட்டு உறிஞ்சுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மூணாறு மலையில் தேயிலை பேக்டரியில் 31 வருடம் இருந்தவன் நான். பாலும் சீனியும் போட்ட டீயைக் குறை சொல்ல வரவில்லை. காலையில் எனக்கும் அதுதான். ஒரு தடவையாவது வெறும் சாயாவை ருசி பாருங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

முதலில் ஒன்று செய்யுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு ஏலவிதையை மெல்லுங்கள். லேசாகக் கசக்கும், உறைக்கும்; ஏலம் என்று தெரியாது. கையை எடுங்கள், குப்பென்று வரும். ருசியில் பெரும்பங்கு மூக்குதான். தேயிலைக்கும் அதே.

எங்கள் அம்மா கொழுந்து கிள்ளியவர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் சத்தம் போட்டுக் குடித்தால் முதுகில் ஒன்று விழும். அந்தப் பழக்கத்தோடு முதல் நாள் ருசி பார்க்கும் மேசைக்குப் போனேன். வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. கரண்டியில் எடுத்து மெதுவாகக் குடித்தேன். தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் பெரிய டீமேக்கர், "தம்பி, விழுங்காதே, உறிஞ்சு!" என்றார். அவர் உறிஞ்சினால் பக்கத்து அறைக்குக் கேட்கும். காற்றோடு சேர்த்து இழுத்தால் சாயம், அதாவது தேயிலை இறங்கிய தண்ணீர், தூறலாகத் தெறித்து, மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். பிறகு துப்பிவிட வேண்டும்; நாளைக்கு எத்தனையோ கிண்ணம் பார்க்கிறவர்கள் அத்தனையையும் விழுங்க முடியாதே.

ஒரு மழைக்காலத்தில் தூளை முகர்ந்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உறிஞ்சியதும் புகை வாடை. போய்ப் பார்த்தால், தேயிலையை உலர்த்தும் டிரையரில் விரிசல், அடுப்புப் புகை உள்ளே கசிந்திருந்தது. அன்றிலிருந்து உறிஞ்சாத தூளை நான் நம்பியதில்லை.

அதனால், மறுபடியும் சொல்கிறேன், சத்தம் போட்டு உறிஞ்சுங்கள்.

அளவு கேட்பீர்கள். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். உலகத் தரக் கணக்கு இதுதான். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், மேலே மூடி வேண்டும். தராசு இல்லையா? சின்ன டம்ளருக்குத் தலைதட்டி ஒரு டீஸ்பூன். இரண்டு கடைத் தூளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றை மட்டும் குடித்தால் வித்தியாசம் பிடிபடாது. ஒன்று நாக்கைச் சுருக்கென்று பிடிக்கும், இன்னொன்று சப்பென்று கிடக்கும்.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. வடிகட்டிய சக்கையையும் பாருங்கள். புதுச் செப்புக்காசு நிறம் இருந்தால் நல்லது. சாயம் ஆறியபின் கலங்கினால் கெட்டுவிட்டதென்று கொட்டாதீர்கள். திடமான சாயம் தரும் தூள்தான் அப்படிக் கலங்கும். வணக்கம்.