வாத்து சுட வேண்டுமா? முதலில் ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போடுங்கள்!

வணக்கம். பாலும் முட்டையும் வாங்கப் போன கடையிலேயே மான் வேட்டைக்கு உரிமமும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வால்மார்ட்டுக்குப் போனால் அப்படித்தான். உள்ளூர்வாசிக்கு 25 டாலர். வெளிமாநிலத்தவருக்கு 315. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அங்கே குடியிருந்தால் நீங்களும் உள்ளூர்வாசிதான். டல்லாஸிலிருந்து பார்க்கும் நண்பர்களே, 290 டாலர் மிச்சம்!

சலிப்பான பகுதியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். உரிமம் ஆகஸ்ட் 31 வரை செல்லும். செப்டம்பர் 1 முதல் புதியது. பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் இணையத்திலேயே படித்துவிடலாம். ஆனால் 1971 செப்டம்பர் 2-க்கு முன் பிறந்தவர்களுக்கு இந்தப் படிப்பே தேவையில்லை. அந்த நள்ளிரவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரட்டையர் பிறந்திருந்தால், தம்பி மட்டும் பரீட்சை எழுத வேண்டும். பாவம்!

காகித உரிமத்தோடு மான் சீட்டுகளும் வரும். மான் விழுந்த இடத்திலேயே சீட்டில் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்து, விவரத்தைப் பேனாவால் எழுதி, மானின் உடலில் கட்ட வேண்டும். ரத்தக் கையோடு எழுத்து வேலை.

இப்போது வாத்துக்கு வருவோம். இந்த வீடியோவை எடுத்ததே இதற்காகத்தான்.

வாத்துக்கு மாநில உரிமம் மட்டும் போதாது. 7 டாலரில் கூடுதல் அனுமதி வேண்டும். கூடவே, போன சீசனில் எத்தனை வாத்து சுட்டீர்கள் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்கும் மேலே மத்திய அரசின் வாத்து ஸ்டாம்ப், 25 டாலர். கடிதத்தில் ஒட்டினால் செல்லாது. நம் ஊரில் வாடகை ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேலேயே கையெழுத்துப் போடுவோமே, கிட்டத்தட்ட அதே கதைதான்! காகித ஸ்டாம்பின் முகத்தில் குறுக்காக மையால் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது.

1934-இல் முதல் ஸ்டாம்ப் வந்தபோது விலை 1 டாலர். வரைந்தவர் டிங் டார்லிங், பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட். இப்போது ஆண்டுதோறும் ஓவியப் போட்டி நடக்கிறது. ஜெயிப்பவருக்கு அரசு என்ன கொடுக்கும் தெரியுமா? பணமில்லை. உள்துறைச் செயலர் கையெழுத்திட்ட ஒரு தாள் ஸ்டாம்ப். அவ்வளவுதான்! (ஓவியப் பிரதிகளை விற்று அவர் சம்பாதித்துக்கொள்ளலாம்.) 1959 ஸ்டாம்பில் கிங் பக் என்ற லாப்ரடார் நாய் வாத்தைக் கவ்வியபடி நிற்கும். வாத்து ஸ்டாம்பில் நாயை நாயகனாக்கிய துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

விற்பனையில் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் பறவைகளுக்கான ஈரநிலங்களுக்குப் போகிறது. இந்த ஸ்டாம்பைக் காட்டினால் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் நுழைவுக் கட்டணமும் கிடையாது. அதனால், துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத பறவை ஆர்வலர்களும் இதை வாங்குகிறார்கள்.

சரி, வாடகை ரசீது ஸ்டாம்பில் கையெழுத்துப் போடாமல் மாட்டிக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா? கமென்ட்டில் சொல்லுங்கள்.