இலவ மரத்தைச் சுற்றிய நாடா

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வனத்துறை அலுவலர்களே, பேராசிரியப் பெருமக்களே, அழைப்பை ஏற்று மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். காட்டின் கார்பனை அளப்பது, மர இனங்களை எண்ணுவது, இரண்டையும் செயற்கைக்கோள் வரைபடமாக்குவது என மூன்றைப் பற்றிப் பேசுகிறேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். தரையில் ஒருவர் மரத்தைச் சுற்றி நாடா பிடிக்காவிட்டால், வானத்து வரைபடமும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

முதுமலையில் 1988-இல் 50 ஹெக்டேரை அளந்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்று முதல் எண் கொடுத்தார்கள். சுமார் 26,000 தண்டுகள், எழுபதை ஒட்டிய இனங்கள். இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டிலோ 25 ஹெக்டேரிலேயே இரண்டு லட்சம் தண்டுகள், இருநூறுக்கு மேல் இனங்கள்!

இப்போது ஓர் இலவ மரத்தின் முன் நில்லுங்கள். உயரம் 20 மீட்டர். தரையிலிருந்து 1.3 மீட்டரில் நாடாவைச் சுற்றுகிறீர்கள், சுற்றளவு 220. விட்டம் 70 சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டு நகர்ந்தால் தீர்ந்தது கதை! நாடா சுற்றியது தண்டை அல்ல, அடிமரத்திலிருந்து பலகை போல விரியும் பலகை வேர்களை. ஏணி போட்டு, வேர் முடியும் இடத்துக்கு அரை மீட்டர் மேலே சுற்றினால் 157, விட்டம் 50-தான். மர அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.35 கிராம் என்று கொண்டு, விட்டம், உயரம், அடர்த்தியிலிருந்து எடையைக் கணிக்கும், வெப்பமண்டல மரங்களுக்கான 2014-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால், 930 கிலோ உலர் எடையுள்ள மரம் தவறான அளவில் 1,800 கிலோவாகிவிடும். ஒரே மரத்தில் இரட்டிப்பு! கொடி சுற்றியிருந்தால் நாடாவைக் கொடிக்கும் தண்டுக்கும் இடையே நுழைத்துச் சுற்றுங்கள். அளந்த இடத்தில் பெயின்ட் கோடு போட்டு, அதன் உயரத்தையும் குறியுங்கள். அடுத்த முறை இடம் மாறினால், மரம் இளைத்துவிட்டதாகக் கணக்கு சொல்லும்.

அதே விட்டம், அதே உயரத்தில் வெக்காலி மரம் நின்றால்? அடர்த்தி 0.8, உலர் எடை 2,090 கிலோ. அதில் 47 விழுக்காடு கார்பன். பெயர் தப்பினால் கார்பனும் தப்பும். 2025 ஏப்ரலில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் பயோமாஸ் செயற்கைக்கோள் மரத் திரளைத்தான் உணரும்; இலவா வெக்காலியா என்று சொல்லாது. பட்டையைக் கீறி, நிறமும் மணமும் பார்த்துச் சொல்பவர் காட்டோரத்துக்காரர். பல இடங்களில் அவர் இன்றும் தினக்கூலி. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், அடுத்த கணக்கெடுப்பு மறுபடியும் ஏட்டுச் சுரைக்காய்.

அவைத்தலைவர் மணியைப் பார்க்கிறார். வரைபடத்தைப் பிறகு பார்ப்போம். அலுவலர்களிடம் ஒரே கோரிக்கை: ஒவ்வொரு நிரந்தர ஆய்வு நிலத்துக்கும், மரம் அறிந்த இருவரை மாதச் சம்பளத்தில் நியமியுங்கள்.