காய்ச்சலும் கார் சாவியும்

வணக்கம். கோட்டையூரைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறேன். போன பதிவில் பழைய கார் வாங்குவதைப் பற்றிப் பேசியபோது, ‘சொந்தக் கார் வந்த பிறகு என்ன மாறியது?’ என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், உடம்பு சரியில்லாத ஒரு நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அப்போது காரைக்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழையில் நனைந்து காய்ச்சல் வந்துவிட்டது. முதல் நாள் லீவு கொடுத்தார்கள். இரண்டாம் நாள் காலையில் போன் வந்தது. வர முடியாது என்று நான் இழுத்தபோது, “கார்லதானே வர்றீங்க, உட்கார்ந்த இடத்துலதானே வேலை?” என்றார்கள். பஸ்ஸில் போகிறவனாக இருந்தால், இந்த உடம்போடு நின்றுகொண்டு வர முடியாது என்று சொல்லியிருப்பேன். சொந்தக் கார் இருந்ததால் அந்த ஒரு காரணமும் என் கையை விட்டுப் போயிற்று. அதோடு காருக்கு மாதத் தவணை வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சம்பளம் பிடித்தால் எங்கே இடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே கிளம்பினேன்.

மாலையில் காய்ச்சல் மாத்திரையோடு சளிக்கென்று ஒரு செட்டிரிசினும் போட்டுக்கொண்டு, கானாடுகாத்தானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரை தூக்கம் வரவழைக்கும் என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. ஊருணிக்கரைத் திருப்பத்தில் ஒரு பெரியவர் பால் கேன்களோடு சைக்கிளில் வந்தார். நான் அவரைப் பார்த்தேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பார்த்த கண்ணுக்கும் பிரேக்குக்குப் போக வேண்டிய காலுக்கும் நடுவே ஏதோ ஒன்று தாமதித்தது. இடப்பக்கக் கண்ணாடி அவருடைய ஹேண்டில்பாரைத் தட்டி, சைக்கிள் சாய்ந்தது. மூடி தெறித்த கேனிலிருந்து பால் ஈரத் தார்ச்சாலையில் வெள்ளையாக ஓடி, என் முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. உள்ளங்கைச் சிராய்ப்போடு அவர் தப்பினார். தூக்கிவிடக் கையைக் கொடுத்தபோது, பிடித்த கையை விடாமலே கேட்டார்: “என்னப்பா, கை இப்படிக் கொதிக்குது? இந்த உடம்போட ஏன் வண்டி எடுத்த?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பால் பணத்தைக் கொடுத்தேன், சைக்கிளைச் சரிசெய்து கொடுத்தேன், அவ்வளவுதான் முடிந்தது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டரைக் கடந்துவிடும்; கால் அரை நொடி பிந்தினாலும் எட்டு மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடிகளோடு நடந்து போகும் நாட்களில் இந்தப் பக்கத்துச் சாலைகளை நினைத்துப் பாருங்கள்.

குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பதை இப்போது எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கு 185ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கு அடுத்த 186ஆம் பிரிவோ, மற்றவர்களுக்கு ஆபத்தாகக்கூடிய நோய் தனக்கு இருப்பது தெரிந்தே பொது இடத்தில் வண்டி ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் முதல் முறை 1,000 ரூபாய் வரை, மறுமுறை 2,000 ரூபாய் வரை. ஆனால் லீவு தர மறுத்து அந்த மனிதனைச் சாலைக்கு அனுப்பியவரை இந்தப் பிரிவு தொடுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

லீவுக்கும் சட்டம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25ஆம் பிரிவு, நோய் அல்லது விபத்துக்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு லீவு எடுக்கலாம் என்கிறது. தற்செயல் விடுப்பு 12 நாள் தனி. கணக்கு எழுதிய எனக்கே இது அந்த வேலையை விட்ட பிறகுதான் தெரியும். ‘தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே’ என்பார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது நல்ல பாதுகாப்பு: ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு அதில் பணம் கிடையாது. நம் காய்ச்சலோ பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று நாள் காய்ச்சல்தான். ஆகவே அந்த 12 நாளைக் கேட்டு வாங்குங்கள்.

இவை எதுவுமே எட்டாதவர்கள், கூப்பிட்ட நாளுக்கு மட்டும் வந்து அடுத்தவர் காரை ஓட்டித் தரும் நம் ஊர் ஆக்டிங் டிரைவர்கள். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் கல்யாணத்துக்காகத் திறக்கப்படும்போது, இரவு திருச்சி விமான நிலையத்துக்கு ஒரு நடை, விடிந்ததும் பிள்ளையார்பட்டி, மாலையில் மதுரை என்று அவர்கள் ஓடுகிறார்கள். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு என்று வரையறுத்தது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் போக்குவரத்து நிறுவனங்களுக்குத்தான் பொருந்தியது. வீட்டுக் காரை ஓட்ட வரும் ஒற்றை ஆளுக்கு அது உதவவில்லை. உடம்பு முடியவில்லை என்று அவர் சொன்னால், அடுத்த போன் வேறொருவருக்குப் போய்விடும்.

சென்ற மாதம் பெரியம்மா வீட்டு விசேஷத்துக்கு ஒருவரை மூன்று நாளுக்குப் பேசியிருந்தோம். முதல் நாள் அதிகாலை நான்கு மணிக்கு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது, குரல் அடைத்திருந்தது. “ஒண்ணுமில்லண்ணே, ஓட்டிருவேன்” என்றார். நான் சாவியைக் கொடுக்கவில்லை. அன்றைய சம்பளத்தையும் பேட்டாவையும் அவர் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, திருச்சிக்கு நானே ஓட்டிப் போனேன். ஓட்டாத நாளுக்குக் காசா என்று பெரியம்மா முகம் சுளித்தார்கள். பால் கேன் கதையை அவர்களுக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள், அவர் வந்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். குரல் தெளிந்திருந்தது. சாவியை நீட்டினேன்.